ஈசாக்கின் மூன்றாவது பாடு

நீங்கள் நாலு பேரும் திங்கட்கிழமை உங்கள் ஊர்களுக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் ஒல்லாந்தர் கோட்டைக் கோயிலில் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்டபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஞானோபதேசம் முழுவதையும் தலைகீழாகச் சொன்னீர்கள். ஒரு பிழை இல்லை. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. நானும் அப்படித்தான் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டு இந்த ஏரிக்கரைக்கு வந்தேன்.

உபதேசியார் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது, எழுத்துக் கூடவில்லை, வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். எப்படி வாசிப்பது, எப்படி ஜெபிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது நான் செய்த தப்பை. அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் நல்லவர்கள்.

முதலில் சின்னதாக ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையையும் போட்டு நீளமாக ஜெபம் செய்தேன். கண்ணைத் திறந்தபோது வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகிப்போயிருந்தது. உபதேசியார் ஜெபத்தில் இருக்கும்போது எழுந்து போனால் தப்பு என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அன்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடையாது. எனக்கு முன்னால் அங்கே இருந்த உபதேசியாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "மொதல்ல அடுப்பப் பாரு. அப்புறமா வாயத் தொற" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அதையும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அடுப்பு எரிகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். அது எதனால் எரிகிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு ஏரியின் வடகரையில் ஒரு மீனவக் குப்பத்தைக் கொடுத்தார்கள். அங்கே நம் சபையார் ஆறே வீடு. மற்றவர்கள் எல்லாம் தங்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். கரையிலும் தண்ணீரிலும் எல்லாரும் ஒன்றாகத்தான் தொழில் செய்தார்கள். நான் காட்டூர்க்காரன். நாற்று நடுவதும் களை எடுப்பதும் தெரியும். ஏரியைப் பற்றிச் சுத்தமாக ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அங்கே பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் ஓடையில் மீனும் இறாலும் நெருக்கி ஓடும் இடம் ஒன்றுதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை குப்பத்துத் தலைவரான நாட்டார் முன்னால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். அந்த ஓடைக்குப் பதினாலு பேர் பாட்டுக்காரர்கள். ஆகவே பதினாலு நாளுக்கு ஒருமுறை ஒருவனுடைய நாள் வரும். இடைப்பட்ட நாளில் வீச்சுவலையோடு கரையோரம் அலைந்து கிடைப்பது குழம்புக்கு ஆகும். வீட்டுக்கு அரிசி வருவது பாட்டு நாளில்தான்.

ஈசாக்கு நம் சபையான். முப்பது வயது இருக்கும். மனைவி ராகேல், மூன்று சின்னப் பிள்ளைகள். அந்த வருஷச் சீட்டில் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பதினாலு நாளுக்கு ஒருமுறை என்பதால் அந்த வருஷம் முழுக்க அவன் பாடு ஞாயிற்றுக்கிழமையிலேயே வரும். முதல் பாட்டுக்கு முந்தின நாள், தோணியைக் கரையேற்றும்போது அது புரண்டு, அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மறுநாள் யாருக்கும் வலை நினைப்பே வரவில்லை. முதல் பாடு அப்படிப் போயிற்று.

அடுத்த சில நாட்கள் சபை நடந்துகொண்டதைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து ஊரான திருப்பாலைவனத்திலிருந்து எலும்பு கட்டும் வைத்தியரை அழைத்து வந்தார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒரு வீட்டில் சமைத்துக் கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், ஆண்கள் தண்ணீரும் விறகும் கொண்டுவந்து போட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கோட்டையிலிருந்த பாதிரி ஐயருக்குக் கடிதம் எழுதினேன். சபை அன்பிலே நிலைத்திருக்கிறது என்று எழுதினேன். அந்த அன்பில் என் பங்கு அந்தக் கடிதம் மட்டும்தான்.

இரண்டாவது பாட்டுக்கு முந்தின சாயங்காலம் நம் சபை ஆண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தயங்கித் தயங்கித்தான் பேசினார்கள்.

"நாளைக்கு ஈசாக்கு பாடு உபதேசியாரே. பாட்டுக்காரன் தோணியில இருக்கணும், அதான் மொற. அவன அப்டியே தூக்கி வச்சினு நாங்க நாலு பேரு போயி வலை கட்டிட்டு..."

நான் முடிக்கவிடவில்லை. "நாளைக்கு இன்னா கெழம?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம" என்றார் ஒருவர்.

"கர்த்தரோட நாள்ல வலை நனைக்கப் போறீங்களா? அந்த வூட்டுக்கு வேண்டியத சபை குடுக்கும். போங்க" என்றேன்.

போய்விட்டார்கள். சரியாக முடிவெடுத்த திருப்தியில் நான் நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாள் ஆராதனையில் ஐந்து வீட்டிலும் சொல்லி அரிசி சேர்த்தேன். திங்கட்கிழமை காலையில் அதை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு, நானே சுமந்துகொண்டு, ஈசாக்கு வீட்டுக்குப் போனேன். சுமந்துகொண்டு போவதை நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ராகேல் வெளியே உட்கார்ந்து வலையில் கிழிசல் முடிந்துகொண்டிருந்தாள். கூடையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"இத இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"கஞ்சி வைம்மா."

"இன்னிக்கு வைக்கறேன். அடுத்த மாசம் இன்னாத்த வைக்கறது?"

"சபை கீதேம்மா."

"சபைன்னா யாரு உபதேசியாரே? அஞ்சு வூடு. அவங்க வூட்டுல மட்டும் கொட்டியா கெடக்குது? எத்தினி நாளைக்கு அவங்க புள்ளைங்க வாயில இருந்து புடுங்கி எங்களுக்குப் போடுவாங்க? எங்களுக்குன்னு பாடு கீது. நாலு பேரு கை குடுத்தா போதும். அத வாணாம்னு சொல்லிட்டு அரிசி எடுத்தாந்து நிக்கறீங்க."

உள்ளேயிருந்து ஈசாக்கு, "ஏ, கம்முனு இரு, பெரியவங்க கிட்ட" என்று அதட்டினான். என்னைவிட அவன் ஐந்து வயது பெரியவன்.

அவள் நிறுத்தவில்லை. மூன்று பாடு தொடர்ந்து விட்டவன் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றும், அந்த இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் ஏகப்பட்ட பேர் என்றும், போன பேர் திரும்பவும் ஏறினதாக அவள் கண்டதில்லை என்றும் சொன்னாள். ஈசாக்குக்கு இரண்டு போய்விட்டது.

"இத யாருமே எனக்குச் சொல்லலியே" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு நேராக நாட்டார் வீட்டுக்குப் போனேன். நாளை மாற்றிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் வேறு கிழமை கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"தண்ணி ஒரு நாள் இழுக்கற மாரி மறுநாள் இழுக்காது சாமி. நாள மாத்த ஆரம்பிச்சா, எனக்கு நல்ல தண்ணி, உனக்குக் கெட்ட தண்ணின்னு வெட்டுக் குத்து ஆயிடும். எங்க நைனா காலத்துல இருந்து மாத்தறதில்ல. போன தபா உங்க ஆளுங்க அவனத் தூக்கினு வந்து நின்னிருந்தா நான் வாணாம்னா சொல்லியிருப்பேன்? அடுத்த தபாவாச்சும் இட்டாரச் சொல்லுங்க."

வேறு சாமி கும்பிடுகிறவர். ஈசாக்கு வருவான் என்று அவர் காத்திருந்திருக்கிறார். அவனை வரவிடாமல் தடுத்தது நான்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. பாதிரி ஐயர் திருவிருந்து கொடுக்கக் குப்பத்துக்கு வருகிறார், தோணியில் கூட வந்து வழிகாட்ட உபதேசியார் முந்தின நாளே கோட்டைக்கு வர வேண்டும் என்று செய்தி. ஐயர் ஒல்லாந்துக்காரர். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். வந்தால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பார், யார் வரவில்லை என்று எழுதிக்கொள்வார், உபதேசியார் வேலைக்கு ஆவானா மாட்டானா என்றும் எழுதிக்கொள்வார். அவர் வருகிற நாள் ஈசாக்கின் மூன்றாவது பாட்டு நாள்.

எனக்குக் காட்டூரில் மனைவியும் கைக்குழந்தையும். வேலை போனால் அண்ணன் நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டும். இந்தப் பக்கம் ராகேலின் மூன்று பிள்ளைகள். அந்தப் பாட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆண்களைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஈசாக்க தூக்கினு போங்க" என்றேன்.

அவர்களில் மூத்தவர் சந்தேகமாகப் பார்த்தார். "ஐயர் வர்றாரே. எங்க காணோம்னு கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

"உங்களுக்கு எதுனா ஆயிடப் போவுது."

"ஆனா ஆவட்டும். நீங்க போங்க."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதையை இதோடு நிறுத்திவிட்டால் எனக்கு நல்ல பேர். நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை கோட்டைக்குப் போனேன். ஐயர் நல்ல மனநிலையில் இருந்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரம், அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். ஞாயிறு விடியலில் தோணி ஏறினோம். ஐயர் முன்ஷியிடம் தமிழ் படித்தவர். எழுத்தில் வருகிற தமிழைத்தான் பேசுவார். "சபையார் யாவரும் சுகமாயிருக்கிறார்களா?" என்று கேட்டார். "சுகம் ஐயரே" என்றேன். "கால் முறிந்தவன் ஒருவன் உண்டு என்று எழுதினாயே, அவன் எப்படி?" என்றார். "தேவல ஐயரே" என்றேன். வாயில் வந்த வார்த்தையை நாக்கு திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த திருப்பத்தில் சொல்லலாம், அந்தத் திட்டைத் தாண்டினதும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

கடைசியில் ஓடையே வந்துவிட்டது. கழிகள் ஊன்றி, குறுக்கே வலை கட்டி, மார்பளவு தண்ணீரில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற தோணியில் ஒருவன் காலை நீட்டிப் படுத்தாற்போல் சாய்ந்திருந்தான். எங்கள் தோணி அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஐயர் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். "இவர்கள் யாவர்? இன்று கர்த்தருடைய நாள் என்று அறியாதவர்களோ?"

வெற்றுடம்பும் தலைத்துணியுமாகத் தண்ணீரில் நிற்கும் ஆட்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அது தப்பிக்கும் வழியாகத் தெரிந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான் யோசித்தேன்.

"நம்ம ஆளுங்க இல்ல ஐயரே. இவங்க வேற."

காட்டூர்க்காரனுக்குத் தெரியாத இன்னொன்று, தண்ணீர் மேல் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது. நாலு பேரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. தோணியில் சாய்ந்திருந்த ஈசாக்கு கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் கூப்பினான்.

"தோத்திரம் ஐயரே! தோத்திரம் உபதேசியாரே!"

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டானா, ஐயரைக் கண்ட சந்தோஷத்தில் கூப்பிட்டானா, எனக்குத் தெரியாது. பிறகு அவனிடம் அதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயர் அவனுக்குப் பதில் வணக்கம் சொன்னார். அவன் காலில் கட்டியிருந்த மூங்கில் பத்தையைப் பார்த்தார்.

இறங்கினதும் கோயிலுக்குப் போகாமல் கரையிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். மூன்று பாடு, சீட்டு, நாட்டார், ராகேல், ஒன்று விடாமல் சொன்னேன்.

"பசியாயிருக்கும் ஒரு வீட்டுக்காகச் செய்யும் வேலையை நான் தடுப்பேன் என்று நினைத்தாயோ?" என்றார்.

"பயம் ஐயரே."

"என்னிடம் பயம், அது இருக்கட்டும். வலை கட்டியதற்கு அவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. நீ அவர்களை உன்னவர்கள் அல்ல என்றாய். இன்று நீ திருவிருந்துப் பந்தியில் சேர வேண்டாம். அடுத்த முறை நான் வரும்போது பார்ப்போம்."

சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர்கள் வரட்டும் என்று ஐயர் ஆராதனையைத் தள்ளி வைத்தார். அதுவரை பெண்களிடமும் பிள்ளைகளிடமும் பேசிக்கொண்டிருந்தார். பாடு அன்று சுமார்தான், அள்ளிக் கொட்டவில்லை. ஆனால் நாட்டார் கரையில் நின்று தோணியையும் அதிலிருந்த ஆளையும் பார்த்துவிட்டார். ஈசாக்கு பேர் சீட்டில் நின்றது. பிற்பாடு அவன் கால் கூடும்வரை ஒவ்வொரு பாட்டுக்கும் நம் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசிக் கூடை எதுவும் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை.

தம்பிகளே, கஷ்டத்தில் இருக்கிற வீட்டுக்கு நீங்கள் எதையாவது கொடுக்கப் போவீர்கள். போகுமுன் அந்த வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது, எதை இழக்கக் கூடாது என்று தவிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண்கள் சொல்லாவிட்டால் பெண்களிடம் கேளுங்கள். பிறகு, அவர்களுக்காக ஒரு முடிவு எடுத்தால், அதை உங்களுக்கு மேலே இருக்கிறவரிடம் முதல் நாளே போய்ச் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தால், அந்த நேரம் வரும்போது உங்கள் வாயில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் ஆராதனை தொடங்கியது. கூரை வேய்ந்த சின்னக் கோயில். முன்னால் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அப்பமும் கிண்ணமும் வைத்திருந்தது. திருவிருந்தில் சேராதவர்கள் வாசற்படி ஓரத்துப் பாயில் உட்காருவது வழக்கம். ஞானஸ்நானம் பெறாத இரண்டு மூன்று பேரோடு நான் அங்கே போய் உட்கார்ந்தேன். யார் சொன்னார்களோ, காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராகேல் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

ஆண்கள் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு ஈசாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்காக மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு வைத்திருந்தது. ஐயரே போட்டது. வாசலைத் தாண்டினதும், "இங்க எறக்குங்க" என்றான் ஈசாக்கு.

"முன்னாடி எடம் போட்டுக்கீதுடா" என்றார் மூத்தவர்.

"அங்க காலு நீட்ட முடியாது. இங்கயே எறக்குங்க."

இறக்கினார்கள். என் பக்கத்தில், என் தோளில் அவன் தோள் படுகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். உடம்பில் இன்னும் ஏரி வாடை இருந்தது. ஐயர் வீடு வீடாகப் பேர் சொல்லி அழைத்தார். ஈசாக்கு பேர் வந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போக நாலு பேரும் வந்து நின்றார்கள். ராகேலும் திரும்பிப் பார்த்தாள்.

"உபதேசியாரு போறப்போ நானும் போறேன் ஐயரே" என்றான்.

ஐயர் எங்கள் இருவரையும் பார்த்தார். அப்புறம் அடுத்த பேரைப் படித்தார்.

அவர் அடுத்த முறை வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் நான் முன்னால் போய் வாசித்துவிட்டு வாசற்படி ஓரத்துக்கே திரும்பி வருவேன்; ஈசாக்கு அங்கே என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். மூன்றாவது மாதமே அவன் கால் நன்றாக மடங்கத் தொடங்கியிருந்தது.